சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா

நீங்கள் இப்போது ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் ஹாலுக்குப் பின்னால், பழைய மானிட்டர் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்களே ஒரு பொந்து, அதுதான் எங்கள் ஒலிப்பதிவு அறை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒலிப்பதிவு என்றால் சும்மாவா? இந்தப் பக்கம் லேத் பட்டறை, அந்தப் பக்கம் தகடு அடிக்கிற கம்பெனி. லேத்காரர்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நான் உள்ளே ஓடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் ஒட்டிய மெத்தைப் பஞ்சுக்கு நடுவே வியர்த்து வழிந்தபடி கடலைப் பற்றிப் பேசுவேன். என் சாப்பாடு எல்லாரும் டீ குடிக்கும்போதுதான்.

ஓய்வு பெற்றவள் வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இனிப்பாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து உங்களில் சிலரைப் போனில் உட்கார வைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால் ஒரு சாவைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

நாம் செய்வது என்ன என்று உங்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் எடுத்த கடலோரப் படத்தை எப்படிப் படிப்பது என்று எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கு மென்பொருள் வழியாகச் சொல்லித் தருகிறோம். போனில் இறக்கிக்கொண்டால் படம் வரும், அதற்கு விளக்கமாக என் குரல் வரும், பிறகு கேள்வி, மதிப்பெண். கடைசியில் களச் சரிபார்ப்பு. படத்தில் பார்த்ததை நேரில் போய்ப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அப்போது நம் ஆள் ஒருவர் இங்கே இருந்து போனில் வழி சொல்வார். வேடிக்கை என்னவென்றால், வழி சொன்ன எங்களில் பாதிப் பேர் கடலைக் காணும் பொங்கல் அன்றைக்கு மட்டும் பார்த்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த நீர்நிலை அம்பத்தூர் ஏரிதான்.

இதையெல்லாம் தொடங்கியவரை நாங்கள் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவோம். பெயர் வேண்டாம். அரசு வேலையில் இருந்த காலம் முழுக்க வானத்திலிருந்து எடுத்த படங்களையே பார்த்துக் கண்ணாடி தடித்த மனிதர். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் அவர்தான், சும்மா சொல்லக் கூடாது. அவர் சொன்னது இரண்டு. “படத்துல தெரியறதைச் சொல்லு, உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லாதே” என்பது ஒன்று. “ஒரு திட்டை மட்டும் தனியாப் பார்த்து அது இன்னதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு” என்பது இன்னொன்று. இரண்டும் சரிதான். இரண்டும் ஒரு நாள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பிரச்சினை ஒரு வார்த்தையில் தொடங்கியது. கடல்மேல் எண்ணெய் பரவினால் ராடார் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். அதற்கு என்ன பெயர் வைப்பது? எண்ணெய்ப் படலம் என்றேன் நான். நீளம் என்றார் சார். “கறை. ரெண்டே எழுத்து. சட்டையில பட்ட கறை மாதிரி கடல்ல பட்ட கறை. யாருக்கும் மறக்காது.”

அப்போது கோபி வாயைத் திறந்தான். பாரிவாக்கத்துக்காரன். தாத்தா காலத்தில் நெல் போட்ட நிலம் அவன் காலத்தில் பிளாட் ஆகிவிட்டது, அவன் கம்ப்யூட்டர் படித்து எங்களிடம் வந்து சேர்ந்தான். கற்பவர்களோடு போனில் பேசுவது அவன் வேலை. அவனளவுக்குப் பொறுமை எங்கள் யாருக்கும் கிடையாது.

“சார், பீச்சும் கரைதான், சட்டையில படுறதும் கறைதான். எழுதுனா வேற வேற. என் வாயில ரெண்டும் ஒண்ணாத்தான் சார் வருது. போன்ல சொன்னா எது இன்னான்னு எப்டித் தெரியும்?”

“உன் வாயில எதுதான் ஒழுங்கா வருது? அதுக்குத்தான் டெய்சியைப் பேச வெச்சிருக்கேன்” என்று சார் என்னைக் காட்டினார்.

எல்லாரும் சிரித்தோம். கோபியும் சிரித்தான். “பாரிவாக்கத்துக்காரன்னா அவ்ளோ எளக்காரமா சார்?” என்றான்.

சார் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. என் அப்பா நாகர்கோவில் பக்கம், ஆவடிக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். எங்கள் வீட்டில் கரியும் கறியும் காதிலேயே வேறு வேறாக விழும். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆவடி, கல்யாணமாகிப் போனது திருமுல்லைவாயில். ஆனாலும் அந்த ஓர் எழுத்து மட்டும் நாகர்கோவிலிலேயே நின்றுவிட்டது. என் வாயில் பெரிய ‘ற’ கல்லில் உரசுகிற மாதிரி அழுத்தமாக வரும். அதனால் பாடத்தைக் கேட்ட எவருக்கும் குழப்பம் வரவில்லை. குழப்பம் வராததால் அந்தச் சொல் நிலைத்துவிட்டது.

பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வரி உண்டு. என் குரலில்தான். “கறையை ஒட்டியே செல்லுங்கள். உள்ளே போகாதீர்கள்.” எண்ணெய்க்குள் படகை விட்டால் மூச்சு முட்டும், என்ஜின் கெடும். அதனால் ஓரமாகவே போக வேண்டும் என்று அர்த்தம். இந்த வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேசப்பன் எங்களிடம் கற்றவர். சென்னைக்கு வடக்கே ஒரு குப்பம், மீன் பிடிக்கிற குடும்பம். கடலோரக் கண்காணிப்பு வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். நம் பயிற்சியை முடித்தால்தான் வேலை நிலைக்கும். அவர் போனில் திரை உடைந்து பாதிப் படம் தெரியாது. அதனால் பெரும்பாலும் காதாலேயே படித்தார். முதல் பாடத்தை முடித்துவிட்டு எனக்கே போன் செய்தார்.

“மேடம், அலையாத்தி மரமெல்லாம் செவப்பா கீதே, எவனாச்சும் கொளுத்திட்டானா?”

இந்த வகைப் படத்தில் செடிகொடி சிவப்பாகத்தான் தெரியும் என்று விளக்கினேன். “அப்ப பச்சையா கீற மரத்த செவப்புன்னு படிக்கணும். சரி, நீங்க சொன்னா சரிதான் மேடம்” என்றார். அதுதான் அவர் சுபாவம். சொன்னால் சரி. கேள்வி கேட்பார், ஆனால் பதில் கிடைத்துவிட்டால் அப்படியே பிடித்துக்கொள்வார். வாத்தியாருக்குக் கிடைக்க வேண்டிய மாணவர் என்று நானே ஒரு நாள் கோபியிடம் சொன்னேன்.

அவருடைய களச் சரிபார்ப்பு நாள். காலையில் வந்த படத்தில் அவர் ஊருக்கு நேரே கடலில் ஒரு கறுப்புத் திட்டு. கறையா, வேறு ஏதாவதா என்று போய்ப் பார்க்க வேண்டும். சொந்தக்காரரின் பைபர் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூட ஒருவர் போக வேண்டும் என்பது விதி. வருவதாகச் சொன்னவர் வரவில்லை. தேசப்பன் தனியாகவே போய்விட்டார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

மத்தியானம், லேத் நின்றிருந்த நேரம். காற்று பலமாகும் என்று எச்சரிக்கை வந்தது. கோபி பதறிப் போய் போனைப் போட்டான். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர்கள் பேசியதை இந்தப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன். நடுவில் ஓர் எழுத்து எனக்கு இடிக்கிறது. கோபியின் மனத்தில் இருந்த எழுத்தையே இப்போதைக்குப் போடுகிறேன்.

“அண்ணே, காத்து கிளம்புதுன்னு மெசேஜ் வந்துகீது.”

“ஆமா சார், இங்கயும் ஏறிகினேதான் கீது.”

“கரைய ஒட்டியே போங்க. உள்ள போவாதீங்க.”

அதையே அவர் திருப்பிச் சொன்னார். எச்சரிக்கை சொன்னால் கேட்கிறவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வார்த்தை பிசகாமல் சொன்னார். கோபிக்கு மூச்சு வந்தது.

“ரொம்ப தூரம் போவுது சார். போலாமா?”

“போங்க போங்க, சீக்கிரம் போங்க. அப்டியே புடிச்சிகினு போயி அது முடியிற எடத்துல நில்லுங்க.”

கரை முடிகிற இடம் என்று கோபி நினைத்தது முகத்துவாரத்தை. அங்கே படகுகள் ஒதுங்கும், காற்று தணிகிறவரை இருக்கலாம். மறுமுனையில் “சரி சார்” என்று கேட்டது. அவ்வளவுதான். கோபி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “நல்ல வேளை மேடம், கரைக்கு வந்துட்டாரு” என்று சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் தேசப்பன் அனுப்பிய ஒரு போட்டோ மென்பொருளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் கறுத்த தண்ணீர், ஒரு பக்கம் சாதாரணத் தண்ணீர், நடுவில் நேர்த்தியான கோடு. சுற்றிலும் எங்கேயும் நிலம் இல்லை. கோபி அதைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றான். திரும்பத் திரும்பப் போன் போட்டான். மணி அடிக்கவே இல்லை. குப்பத்துக்காரர்கள் தேடிப் போனார்கள். படகு கவிழ்ந்த நிலையில் கிடைத்தது. மறுநாள் உடல் கரை ஒதுங்கியது.

பயிற்சிக்கு ஆள் அனுப்பிய அலுவலகம் அறிக்கை கேட்டது. போன் பேச்சு பதிவாகியிருந்தது. அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். மொழி வேலை எல்லாம் என் தலையில்தான் விழும், இதுவும் விழுந்தது.

“கேக்கறதை அப்படியே டைப் பண்ணு. உனக்குத் தெரிஞ்சதை எழுதாதே” என்றார் சார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினேன். கோபி சொன்னது ‘கரை’. அவன் என்ன நினைத்துச் சொன்னான் என்று அவனே சொல்கிறான், அதில் சண்டை இல்லை. அடுத்த வரி, தேசப்பன் திருப்பிச் சொன்னது. என் விரல் நின்றுவிட்டது. சின்ன ‘ர’வா, பெரிய ‘ற’வா?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டிக்டேஷனில் கேட்கிற கேள்விதான். ஆனால் சின்ன ‘ர’ போட்டால், கரையை ஒட்டிப் போகிறேன் என்று வாயால் ஒப்புக்கொண்டு, பேச்சை மீறி, கடலுக்குள் போய்ச் செத்தவர் தேசப்பன். பெரிய ‘ற’ போட்டால், பாடம் கற்றுக் கொடுத்த வரியை அப்படியே செய்து செத்தவர். அந்த மனிதரின் நல்ல பெயர் என் விரல் நுனியில் இருந்தது. மறுபடி மறுபடி கேட்டேன். என் நாகர்கோவில் காது எதற்கு உதவியது? இரண்டும் ஒரே சத்தம்.

சார் பின்னால் வந்து நின்றார். “சின்ன ர போடும்மா. அதே சத்தம், அதே எழுத்து.”

“நம்ம பாடத்து வரி சார் இது. கறையை ஒட்டியே போ, உள்ளே போகாதே. அவர் அதைத்தான் கேட்டிருக்கார்.”

“பாடம் வேற, அன்னைக்குச் சொன்னது வேற. அவர் மனசுல என்ன இருந்ததுன்னு பதிவுல தெரியுதா?”

“பக்கத்துல என்ன இருக்குன்னு பார்க்கச் சொல்வீங்களே சார். அடுத்த வரியைப் பாருங்க. போலாமான்னு கேக்கறார். மீறிப் போறவன் எவனாவது போலாமான்னு கேப்பானா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். “பெரிய ற போட்டா என்ன ஆகும் தெரியுமா? கோபி தப்பா வழி சொன்னான்னு ஆகும். அவனை ஸ்டேஷன்ல உட்கார வைப்பாங்க. இந்தப் படிப்பையே மூடுவாங்க. போனவரை உன் எழுத்தா திருப்பிக் கொண்டுவரும்?” என்றார்.

கோபி மூலையில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கெல்லாம் பச்சைத் தண்ணீர்கூட வாயில் ஊற்றவில்லை. எங்களைப் பார்க்காமலே சொன்னான்: “பெரிய ற போடுங்க மேடம்.”

போட்டேன். கையெழுத்தும் போட்டேன். சார் அதை வாங்கிக்கொண்டு போய், தன் அறையில் உட்கார்ந்து தானே இன்னொரு பிரதி தட்டினார். சின்ன ‘ர’. அதைத்தான் அனுப்பினார். வழிகாட்டுதலை மீறியதால் நேர்ந்த விபத்து என்று அந்த அலுவலகத்துக் கோப்பில் இன்றும் இருக்கிறது. எனக்குச் சாரின் மேல் வந்த கோபம் அவர் காலமாகி, மாலை போடப் போன அன்றைக்கும் தணியவில்லை. அழுதேன், கோபத்தோடுதான் அழுதேன்.

உங்களுக்கான புத்திமதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. போனில் எச்சரிக்கை சொன்னால், கேட்கிறவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லாதீர்கள். உங்கள் வார்த்தையையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். “இப்போ என்ன செய்யப் போறீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க” என்று கேளுங்கள். ‘ஊருக்குத் திரும்பிடறேன்’ என்றோ, ‘எண்ணெய் ஓரமாப் போறேன்’ என்றோ அவர் சொல்லியிருந்தால் கோபி தொண்டை கிழியக் கத்தியிருப்பான். இன்னொன்று. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால், நன்றாகப் பேசுகிறவள் வாயில் வைத்துப் பார்க்காதீர்கள். எங்கள் கூடத்தில் இருந்தவர்களிலேயே அன்று சரியாகச் சொன்னவன் கோபி ஒருவன்தான், அவனை நாங்கள் சிரித்து உட்கார வைத்தோம். இப்போது பாடத்தில் ‘எண்ணெய்ப் படலம்’ என்று இருக்கிறது. நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும்.

இனி மாங்காடு.

தேசப்பனின் மனைவி சுமதிக்கு மாங்காட்டில்தான் அம்மா வீடு. கருமாதி முடிந்ததும் அங்கே வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டோம். மாமியார் வீட்டில், சொன்ன பேச்சைக் கேட்காமல் போனானாம், திமிர் பிடித்துப் போய்ச் செத்தானாம் என்று பேச்சு. அலுவலகத்து ஆள் வந்து அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கோபிக்கு அது தாங்கவில்லை. “நான் போயி சொல்லிட்டு வரேன் மேடம். அடிச்சாலும் பரவால்ல” என்றான். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். பூந்தமல்லியில் பஸ் மாறிப் போனோம்.

காமாட்சி அம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒடுக்கமான தெரு. சுமதி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வார்த்தைதான் பேசியிருப்பேன். அவள் கையிலிருந்த துணியோடு திரும்பினாள்.

“நீங்கதான அந்தப் பாடத்துல பேசுற அம்மா?”

ஆமாம் என்றேன்.

“எங்க ஊட்ல எந்நேரமும் உங்க கொரல்தான். சோறு துன்னும்போது, வலை பின்னும்போது. எங்கிட்ட பாதி நேரம் பேசவே மாட்டாரு, உங்களத்தான் கேட்டுகினு இருப்பாரு.”

உள்ளே கூப்பிட்டாள். கோபி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். போனில் தான் என்ன சொன்னான், என்ன நினைத்துச் சொன்னான், அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த வரியை அவன் சொன்னதும் சுமதி நிமிர்ந்து பார்த்தாள்.

“அது பாடத்துல வர்றதாச்சே.” சொல்லிவிட்டு, என்னைப் பார்த்தபடி, என்னைப் போலவே நீட்டி முழக்கி ஒப்பித்தாள். “கறையை ஒட்டியே செல்லுங்கள். உள்ளே போகாதீர்கள்.” பெரிய ‘ற’ அவள் வாயில் அவ்வளவு அழுத்தமாக வந்தது. என்னிடமிருந்து கற்றது.

“ஆமாம்மா” என்றான் கோபி. “அவரு பேச்ச மீறிப் போவல. எவன் சொன்னாலும் நம்பாதீங்க. அவரு கேட்டாரு. நான் சொன்னத கேட்டுகினுதான் போனாரு. அத சொல்லத்தான் வந்தேன்.”

அவள் நிம்மதி அடைவாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு போயிருந்தோம். எவ்வளவு முட்டாள்கள் நாங்கள்.

“காத்து ஏறுதுன்னு அவரு சொன்னாரா?”

“சொன்னாரு.”

“போலாமான்னு கேட்டாரா?”

“கேட்டாரு.”

“அப்ப அவருக்குத் தெரிஞ்சிகீது.” சுமதி கையிலிருந்த ஈரத் துணியை மடியில் வைத்துப் பிசைந்தாள். “சின்ன வயசுலேந்து கடல்ல கீறவரு சார். காத்து கிளம்புனா எவனும் சொல்ல வாணாம், போட்ட வலைய அப்டியே உட்டுட்டு வந்துடுவாரு. அன்னிக்கு நீ போன் பண்ணாம இருந்தா ஊட்டுக்கு வந்துருப்பாரு.”

கோபி தலையை ஆட்டினான்.

“பேச்ச கேக்கலன்னு எல்லாரும் ஏசுனாங்க. நானும் ஏசுனேன். படுபாவி, சொன்னா கேட்டுத் தொலைய வேண்டியதுதானேன்னு.” அவள் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “எல்லாரு சொல்றதையும் கேப்பாரு சார். எப்பவும் கேப்பாரு. அன்னிக்கு ஒரு நாளாச்சும் கேக்காம இருந்திருக்கக் கூடாதா?”